நூல் ஒரு கணம் நின்றால்

அப்பு,

உன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் இருவர் ட்ரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள் என்றாய். உனக்குப் பிடிக்கத் தெரிகிறது, சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. "நீங்க வாத்தியாரு, இப்பத்தான் புதுசாக் கத்துக்கிட்டவரு, வரிசையா எழுதிக் குடுங்கப்பா" என்று கேட்டாய். ஐப்பசியில் கேட்டது, கார்த்திகை முடியப் போகிறது. மண்டபம், சமையல்காரர், உன் அம்மாவுக்குத் துணையாக ஜவுளிக்கடை என்று அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் முழங்கால் மறுபடி எழுந்திருக்கச் சம்மதிப்பதில்லை. பனிக்காலத்தில் அந்த ஆற்றில் மீன் பிடிக்கத் தடை என்று நீதான் சொன்னாய், அதனால் பையன்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று வேறு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாடம் அவர்களுக்கு. நடுவே உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது, அதை மறைத்து வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். தை மாதம் நடக்கப்போகிற உன் கல்யாணத்தில் உனக்குச் சம்மதமா? போனில் கேட்டால் "சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பாடம். அவர்களை முதல் நாள் தூண்டில் இல்லாமல் ஆற்றுக்குக் கூட்டிப் போ. கணுக்கால் தண்ணீரில் ஒரு கல்லைப் புரட்டச் சொல். அடியில் ஒட்டிக்கொண்டு நாலைந்து பூச்சிகள் நெளியும். இறக்கை முளைக்காத இளம் பருவம், பறக்கிற வயது வரும்வரை கல்லுக்கடியிலேயே பிழைப்பு. அதைத்தான் நிம்ஃப் என்கிறீர்கள். ஏழாம் வகுப்புக்குத் தும்பியின் வளர்ச்சியை நடத்தும்போது கரும்பலகையில் அதன் படத்தை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். உயிரோடு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது ஓய்வு பெற்றபின், இமாச்சலத்தில், உன் மின்நிலையத்துக்குக் கீழே ஓடும் அந்த ஆற்றில்தான். ட்ரவுட் என்றால் தண்ணீருக்கு மேலே துள்ளி ஈயைக் கவ்வும் படம்தான் எல்லாருக்கும் நினைவு வரும். அது வயிறு நிரப்புவது பெரும்பாலும் அடித்தரையில், நம் கண்ணுக்குப் படாமல். அங்கே உருண்டு வருகிற பூச்சியைப் போல ஒன்றைச் செய்து, அதே வேகத்தில் அதன் வாய்க்கு முன்னால் கொண்டுபோவதுதான் வேலை. இது விளங்காமல் தூண்டிலைக் கையில் கொடுத்தால் பையன்கள் நாள் முழுக்கத் தண்ணீரை விசிறிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு கருவி. பத்தடி நீளத்தில், பிடித்தால் பிடித்த மாதிரியே தெரியாத மெல்லிய கோல். தலைக்கு மேல் நூலைச் சுழற்றிச் சுழற்றி வீசுகிற முறை ஒன்று இருக்கிறதே, அதற்கு என் தோள்பட்டை ஒத்துவராது என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். "இதுல வீச்சே கிடையாதுப்பா. கிட்டப் போயி நின்னு எட்டிப் போடுறதுதான். இலைல வெஞ்சனம் வைக்கிற மாதிரி." நூலின் நடுவில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு முழம். அது மீனுக்கு அல்ல, பிடிக்கிறவன் கண்ணுக்கு. அதற்குக் கீழே கண்ணாடி போன்ற மெல்லிய நூல், முனையில் பூச்சி வேஷம் போட்ட சின்ன முள், முள்ளின் தலையில் கனத்துக்கு ஒரு டங்ஸ்டன் மணி. பல்புக்குள் எரியும் இழை என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த டங்ஸ்டன் ஆற்றுக்குள் இந்த வேலையும் பார்க்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. புதியவர்களுக்கு ஒரே ஒரு பூச்சி போதும். இரண்டு கட்டினால் நூல் சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும். மணி அடிக்கடி தரையில் மாட்டினால் கனம் அதிகம், ஒருதடவைகூடக் கல்லைத் தொடவில்லை என்றால் கனம் குறைவு. அவ்வளவுதான் கணக்கு.

தக்கை கிடையாது என்பதை அவர்களிடம் இரண்டு முறை சொல். நம் பக்கத்து ஆட்களுக்கு இங்கேதான் தடுமாற்றம். மீன் எப்போதும் நீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும், அதனால் பின்னாலிருந்து போக வேண்டும். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசுகிற ஓரம், பெரிய கல்லின் நிழல், இவைதான் அதன் வீடு. ஓட்டத்துக்கு எதிராகக் கொஞ்ச தூரம் பூச்சியை எறிந்து, அது அடியைத் தொட்டதும் கோலின் நுனியை உயர்த்தி, நூல் தண்ணீரில் படுக்காமல் ஏந்திக்கொண்டு, நீர் போகும் வேகத்துக்குக் கோலை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். இழுக்கவும் கூடாது, தொய்ய விடவும் கூடாது. மேல் தண்ணீர் ஓடும், அடித் தண்ணீர் நடக்கும். நூல் மேலே படுத்துவிட்டால் நடக்க வேண்டிய பூச்சி ஓடத் தொடங்கும், ஓடுகிற பூச்சியை ட்ரவுட் நம்பாது. எனக்கு இது கைவர நாலு நாள் பிடித்தது. வழுக்கும் கல்லில் நான் நிற்க, நீ பின்னால் நின்று என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாய். சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது சீட்டை நான் பிடித்த மாதிரிதான். ஒரு வித்தியாசம், நான் நைஸாக விட்டுவிட்டேன், நீ விடவே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கால் மரத்துப்போய்க் கரையேறும்போதெல்லாம், இனி எனக்கு எதற்கு இந்த வேலை என்று தோன்றும். மறுநாள் காலையில் உனக்கு முன்னால் நான்தான் கிளம்பி நிற்பேன்.

அது புரட்டாசி மாதம். உன் அம்மா போனில் போட்ட சத்தம் ஞாபகம் இருக்கிறதா? "புரட்டாசில மீன் பிடிக்கிறீங்களா? அப்பனும் மகனும் அங்க போயி கெட்டுப் போனீங்களா?" என்றாள். "பிடிச்ச ஒடனே விட்டுர்றோம்மா" என்று நீ சொன்னாய். "விடுறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்? அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது" என்றாள். பையன்களும் விடுவதாக இருந்தால், கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், உலர்ந்த கை அதன் மேல்தோலைக் கெடுத்துவிடும் என்பதைச் சொல்லிவிடு.

இனி நான் செய்த தவறு. குளத்தில் புழு கோத்துத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவன் நான். கெளுத்தியோ குரவையோ புழுவை மென்று முழுங்கி, தக்கையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதுவரை கையை அசைக்கக் கூடாது. "முழுங்கட்டும், பொறு" என்பதுதான் எங்கள் பாடம். அதே பாடத்தோடு உன் ஆற்றில் நின்றேன். மஞ்சள் நூல் தண்ணீரோடு வந்துகொண்டே இருந்தது, ஓரிடத்தில் ஒரு கணம் நின்றது, மறுபடி நகர்ந்தது. நீ பின்னாலிருந்து கத்தினாய்.

"தூக்குங்கப்பா!"

"இழுக்கலையேடா."

"இழுக்காதுப்பா. நிக்கும். அம்புட்டுதான்."

பூச்சி பொய் என்று வாயில் பட்ட உடனே ட்ரவுட்டுக்குத் தெரிந்துவிடும், துப்பிவிடும் என்று விளக்கினாய். அது இழுக்கட்டும் என்று காத்திருக்கிறவனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு மீன்கூட வராது. நூல் நின்றால், தயங்கினால், கொஞ்சம் சாய்ந்தால், மணிக்கட்டை மெதுவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கல்லாக இருக்கும், மக்கிய இலையாக இருக்கும். இருக்கட்டும், மறுபடி எறிந்துகொள்ளலாம். வெடுக்கென்று இழுத்தால் மட்டும் நூல் அறுந்து, முள் பின்னால் இருக்கும் மரத்தில் போய் உட்காரும். அதையும் நான் செய்தேன். கடைசி நாளுக்கு முந்தின நாள், நின்றது என்று எனக்கே உறுதியாகத் தெரியாத ஒரு நிற்பில் கையை உயர்த்தினேன். கோல் வளைந்து கைக்குள் உயிர் வந்தது. வயிற்றோரம் சிவப்புப் புள்ளிகள், அதைச் சுற்றி வெளிறிய வளையம். தண்ணீருக்குள் வைத்தே முள்ளை எடுத்து அதைப் போகவிட்டாய்.

ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கோலைக் குழாயில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாய். திண்டுக்கல்லில் இதற்கு ஆறு எங்கே என்று உன் அம்மா கேட்டாள். மழையில் அகரம் பக்கத்துக் குளம் நிறைந்திருக்கிறது. குளத்தில் இந்த வித்தை பலிக்காது, தண்ணீர் ஓட வேண்டும். மதகுக்குக் கீழே வாய்க்கால் இரண்டு அடி ஆழத்தில் ஓடுகிறது. எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்த காதர் சார், தன் வண்டியில் என்னை அங்கே கூட்டிப் போனார். வயலில் நின்றவர்கள், "என்ன வாத்தியாரே, ஆண்டெனாவைத் தூக்கிக்கிட்டு வாரீங்க? கேபிள் போச்சா?" என்றார்கள். காதர் சார் கரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே, "பூச்சி பொம்மைய வச்சு வாயில்லா ஜீவனை ஏமாத்துறீங்களே சார், நான் ஹெட்மாஸ்டரா இருந்தா மெமோ குடுத்திருப்பேன்" என்றார். விரல் நீளக் கெண்டை இரண்டு கிடைத்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வாரம் உனக்குப் போன் செய்தேனே, கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சு வந்த அன்று. உன் பெயரையும் படிப்பையும் வாசித்தேன், மணப்பெண் என்று தாரணியின் பெயரை வாசித்தேன், முகூர்த்த நேரத்தை வாசித்தேன். "இப்பிடியே அடிக்கச் சொல்லிறவா?" என்று கேட்டேன். நீ பேசவில்லை. டவர் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஆனால் உன் அறையில் குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்டது. அப்புறம் "சரிப்பா" என்றாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "அவன் எப்பவும் ரெண்டு வார்த்தைதான் பேசுவான். நல்லபடியாப் போறதை நீங்க எதையாவது கெளப்பி விடாதீங்க" என்றாள். மறுநாள் வாய்க்காலில் நின்றுகொண்டிருந்தேன். நூல் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சார், நூலு நின்னுச்சுல்ல?" என்றார் காதர் சார்.

"நின்னுச்சு."

"அப்பறம் என்னா பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"இழுக்குதான்னு..."

"நின்னா தூக்கணும்னு போன வாரம் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தது யாரு சார்?"

அன்று அதற்குமேல் எனக்குப் பிடிக்க மனம் வரவில்லை. கோலைக் கழற்றிக் குழாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

"புரிஞ்சதா?" என்று கேட்டு, "புரிஞ்சது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லக் கேட்டுப் பிழைத்தவன் நான். அந்தச் சத்தத்தில் புரியாத பிள்ளையின் குரல்தான் முதலில் வரும், அடுத்த கேள்வி தன்மேல் விழக்கூடாதே என்று. வகுப்பில் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தது. வீட்டில் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் உனக்குச் சைக்கிள் வாங்கினோம். "வளர்ற பிள்ளை சார், பெருசா எடுத்துப் போட்ருங்க" என்றார் கடைக்காரர். சட்டை, செருப்பு, சைக்கிள் எல்லாவற்றையும் ஓர் அளவு பெரிதாக எடுப்பதுதானே நம் வீட்டு வழக்கம். "என்னடா, சரியா இருக்கா?" என்று கேட்டேன். "சரிப்பா" என்றாய். இரண்டு வருடம் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து மிதித்தாய். காதர் சார்தான் ஒருநாள், "பையன் என்ன சார், சைக்கிள்ல டான்ஸ் ஆடிக்கிட்டே வர்றான்?" என்று கேட்டார். நீ வளர்ந்து அந்த சைக்கிளுக்குப் பொருந்திய வருடம் பேருந்து நிலையத்தில் அது திருடு போயிற்று. இதைச் சொல்லி வீட்டில் எத்தனை முறை சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்தை ஓர் அளவு பெரிதாக எடுத்துக்கொடுத்து, வளர்ந்து பொருந்திக்கொள் என்று சொல்ல முடியாது.

அதனால் கேட்கிறேன். வேறு யாராவது மனதில் இருக்கிறார்களா, பயமா, இப்போது வேண்டாமா, எப்போதுமே வேண்டாமா, இல்லை அன்றைக்கு அடுப்பில் இருந்த குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாயா, நான் ஊகிக்கப் போவதில்லை. நீ எதைச் சொன்னாலும் அதை வைத்து இங்கே ஆக வேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம். வெறும் கல்தான் என்றால், "வாத்தியாருக்கு வயசாயிருச்சு" என்று சிரித்துவிட்டுப் போ, நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது, அப்பு. கல்யாண அலைச்சலைச் சொல்லவில்லை. உன் முகத்தையும் உன் அம்மா முகத்தையும் பார்த்து, இது சம்மதமா சங்கடமா என்று நானே அர்த்தம் எழுதிக்கொண்டிருப்பது அலுத்துவிட்டது. நீ சொல்லிவிட்டால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

இன்னொன்று. உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அச்சகத்துக்கு நான் இன்னும் சரி சொல்லவில்லை, அவர்கள் அவசரப்படுத்தினார்கள், அதனால் நேற்றுக் காலை ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். தாரணியின் அப்பா காய்கறி மண்டியிலேயே இருந்தார். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி, "வாங்க, வாங்க, பத்திரிகை கொண்டாந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க. ஒரு பத்து நாள் பொறுத்து அடிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"ஏனுங்க, மாப்பிள்ளை ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ஒண்ணும் சொல்லலைங்க. அதான் வந்தேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "என்னங்க வாத்தியாரே இது? சொந்தபந்தம் பூரா வாயால சொல்லியாச்சு. சொல்லாததுக்கெல்லாம் நிறுத்துறதுன்னா ஒலகத்துல ஒரு கல்யாணம் நடக்குமுங்களா?" என்றார். குரல் உயர்ந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கேட்டதில் தவறு இல்லை. உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் மேசையில் தாரணி அன்றைய கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. மண்டிக் கணக்கு முழுக்க அந்தப் பிள்ளை கையில்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று பட்டுப்புடவையில் பார்த்ததோடு சரி. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தது.

"அப்பா, மாமாவை வையாதீங்க" என்றது. என் பக்கம் திரும்பி, "அவரு எங்கூட நல்லாத்தான் பேசுறாருங்க மாமா. சாப்பிட்டியாம்பாரு, அங்க குளிருதும்பாரு. ஆனா இந்த மண்டிய உட்டுட்டு அம்புட்டுத் தூரம் வர எனக்கு இஷ்டமான்னு ஒருக்கா கூடக் கேக்கலீங்க. இன்னிக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு நானும் இருந்துட்டனுங்க" என்றது.

அவள் அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது. "இஷ்டமில்லையாம்மா?" என்று கேட்டார், இதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில். "அதை அவரு கேட்டா அவருகிட்டச் சொல்றேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கணக்குக்குப் போய்விட்டது. அவர் என்னைப் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். பஸ் ஏறும்போது, "பத்து நாளுங்க, அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார். கோபம் இன்னும் இருந்தது. அது என்மேல் உள்ள கோபம், நானே வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னதிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒன்று உறைத்தது. உன் சம்மதத்தைக் கேட்கத்தான் இத்தனை பாடுபட்டேன். அந்தப் பிள்ளைக்கும் ஒரு சம்மதம் உண்டு என்பது என் பாடத்திலேயே இல்லை. உன் மௌனம் எனக்குக் கேட்டது, அவளுடையது நம் யாருக்கும் கேட்கவில்லை. ஆகவே என் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வை. இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. தாரணியைக் கூப்பிடு. உன் மனதில் உள்ளதை, அது என்னவாக இருந்தாலும், முதலில் அவளிடம் சொல். பிறகு, இங்கே வர உனக்கு இஷ்டமா என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை "சரி" என்று மட்டும் சொல்லிவிடாதே. மதியத்துக்கு மேல் மண்டியில் சந்தடி அடங்கிவிடுமாம், அப்போது போன் பண்ணு.

அப்பா